தலையில் வைத்த கை

லெசோதோ
22 செப்டம்பர்

அன்புத் தங்கை சாருகாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அம்மா, அப்பா, நீ மூவரும் எப்படி? இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. அம்மாவுக்காகத்தான் தமிழில் எழுதுகிறேன். பிழை கண்டால் உங்கள் தமிழ்ப் பள்ளி ரீச்சரைப் போலச் சிவப்புப் பேனையைத் தூக்காதே.

தொண்டர்களுக்கான பயிற்சி பன்னிரண்டு வாரம். பகலில் மொழியும் கிராமச் சுகாதாரமும் படிக்கிறோம். மாலையில் ஆளுக்கொரு வீட்டுக்குப் போய் அந்த வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும். ஒஸ்லோவில் இரண்டு வருடம் நேர்ஸாக வேலை செய்தவளுக்கு இங்கே ஒரு வாளித் தண்ணீரில் எப்படிக் குளிப்பது என்று வகுப்பு எடுக்கிறார்கள். நான் அதில் முதல் நாள் தோற்றுப்போனேன்.

என் வீட்டுத் தாயை மாலினேயோ என்று கூப்பிடுகிறார்கள். லினேயோவின் தாய் என்று அர்த்தம். பசோதோ மக்கள் பெண்களைப் பிள்ளையின் பெயரால்தான் அழைப்பார்கள். நான் அவரை ‘மே’ என்கிறேன், அம்மா என்று பொருள். நம் அம்மா இங்கே பிறந்திருந்தால் மாஹம்சா! மே எனக்கு ‘லிம்போ’ என்று பெயர் வைத்துவிட்டார். பரிசுகள் என்று அர்த்தமாம். நான் நோர்வேயிலிருந்து வந்தவள் என்றால் மட்டும் ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. “நீ எந்தக் கடைக்காரரின்ர மகள்?” என்று சிறுவர்கள் கேட்கிறார்கள். இந்தப் பக்கத்தில் என் நிறத்தில் இருப்பவர்கள் கடை வைத்திருப்பவர்கள்தான்.

லினேயோவுக்கு உன் வயது, பதினைந்து. அவளுக்கு நீ எழுத வேண்டுமாம், ஆங்கிலத்தில். என் உறைக்குள் வைத்து அனுப்பு. பிரிக்காமல் கொடுப்பேன். இந்தப் பள்ளத்தாக்கில் போன் எடுக்காது. ஞாயிற்றுக்கிழமை குன்றில் ஏறினால்தான் கொஞ்சம் குரல் வரும். கடிதங்கள் எங்கள் ஒஸ்லோ அலுவலகத்திலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை பையில் வருகின்றன.

அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? நீ பார்த்து எழுது. முற்றத்துப் பீச் மரம் பூத்திருக்கிறது, இலை ஒன்றுகூட இல்லை, பூ மட்டும்தான்.

இரண்டு கன்னத்துக்கும் முத்தம்,
ஹம்சத்வனி அக்கா


பியோர்ண்டால், ஒஸ்லோ
6 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை சாரு வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் குளிர் பிடிக்காமல் இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்தேன். மாஹம்சா என்ற இடத்தில் சிரித்தார். “பாத்தியே, அங்கை போனாலும் எனக்கு அவளின்ர பேர்தான்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீ கோவிக்காதை, நீ என்ர வாலெல்லே” என்றார்.

அக்கா, நீங்கள் திரும்பி வர முடியாதா? எனக்குக் கணக்கு ஓடவில்லை. அப்பா இரவு பஸ் ஓட்டப் போய்விடுகிறார், எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் பக்கத்துக் கட்டிலில் இருந்தால் பயம் இருக்காது. விமான நிலையத்தில் புறப்படும்போது என் தலையில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றீர்களே, அதை ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு நான் காதில் பாட்டைப் போட்டுக்கொண்டு நின்றது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அம்மா இப்போது மீன் சாப்பிடுவதில்லை. சோறும் இல்லை. வெறும் தேநீர். ஞாயிற்றுக்கிழமை தன் போனில் கமரா பழுது என்று உங்களிடம் சொன்னாரே, என் போனில் பழுதில்லை. என் போனுக்கு எடுத்துப் பாருங்கள்.

லினேயோவின் உறையை ஒட்டியிருக்கிறேன். நீங்கள் பிரிக்கக் கூடாது. இதை நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. அவர் தூங்கிய பிறகு குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறேன். தரை சூடாக இருப்பதால் கால் விறைக்காது.

கெதியில் வாருங்கள் என்று கேட்கும்,
சாரு


அதே இரவு
(லினேயோவுக்கு, ஆங்கிலத்தில்)

அன்புள்ள லினேயோ,

நான் சாருகா, லிம்போவின் தங்கை. உன் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் அப்படி இல்லை.

என் அம்மா சாகப் போகிறார். இதை நான் எந்த மொழியிலும் இதற்கு முன் எழுதியதில்லை. மூன்று வருடத்துக்கு முன் வயிற்றிலிருந்து வெட்டி எடுத்த கட்டி திரும்பி வந்து ஈரலுக்கும் போய்விட்டது. அக்கா புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன் தெரிந்தது. கிறிஸ்மஸ் வரை இருக்கலாம் என்றார் மருத்துவர். அக்காவுக்கு மட்டும் தெரியாது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். “ஹம்சாவுக்கு நீ மூச்சு விடக் கூடாது. போன முறையும் என்ர ஒபரேசனாலைதான் அவள் போகாமல் நிண்டவள். பயிற்சியை இடையிலை விட்டால் பிறகு எடுக்கமாட்டாங்கள். இன்னொருக்கா நான் அவளின்ர காலைக் கட்டமாட்டன்” என்றார். என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தார். “என்ர தலையிலை சத்தியம் பண்ணு.” பண்ணினேன். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். “கொம்மா சொன்னால் சரி” என்று மட்டும் சொன்னார்.

உனக்கு இது விளங்க வேண்டும். எங்களில் ஒருவருடைய தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து அதை மீறினால், மீறியவருக்கு ஒன்றும் ஆகாது. அந்தத் தலைக்கு உரியவருக்குத்தான் கேடு வரும். நான் அக்காவுக்குச் சொன்னால் அம்மா உடனே போய்விடுவார். சொல்லாவிட்டால் அக்கா வருவதற்குள் போய்விடுவார்.

உனக்குச் சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லவில்லை. இது ஏமாற்றா என்று எனக்குத் தெரியவில்லை. தயவுசெய்து ஒரு கனவு கண்டதாக அக்காவிடம் சொல்வாயா? சேலை கட்டிய ஒரு பெண் வந்து லிம்போவைக் கூப்பிட்டதாக. அலுவலகத்துக்குச் சொல்லாதே. அவர்கள் அப்பாவுக்குப் போன் எடுப்பார்கள், நான்தான் சொன்னேன் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

உன்னை ஒருநாளும் பார்த்திராத,
சாருகா


லெசோதோ
18 அக்டோபர்

என் பயந்தாங்கொள்ளிச் சாருவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம், கன்னம் மட்டும் வெயிலில் கறுத்துப்போனது. நீங்கள் மூவரும் நலம் என்று எழுதியிருக்கிறாய், நம்புகிறேன்.

கணக்குக்குப் பயந்து ஆபிரிக்காவிலிருந்து அக்காவைக் கூப்பிடுகிற முதல் ஆள் நீயாகத்தான் இருக்கும். அம்மா மீன் சாப்பிடாததைப் பெரிய செய்தியாக எழுதியிருக்கிறாய். கந்த சஷ்டி வருகிறதே! ஆறு நாளும் பச்சைத் தண்ணீரோடு இருக்கிறவர், இந்த முறை முன்கூட்டியே விரதம் தொடங்கிவிட்டார் போல. நான் வேலைக்குச் சேர விரதம் நேர்ந்தவர், நான் இங்கே வர நேராமல் இருப்பாரா? குன்றில் படம் வராது, குரல்தான் வரும். அதனால் உன் போனுக்கு எடுத்தும் பயனில்லை.

இங்கே சோளம் நட்டுவிட்டோம். சோளமாவில் கிண்டும் ‘பாப்பா’ எனக்கு இப்போது கட்டிபடாமல் வருகிறது.

சாரு, அம்மா எதையாவது சொல்ல வேண்டாம் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறாரா? இந்த வரியை இரண்டு தரம் வெட்டிவிட்டுத் திரும்ப எழுதுகிறேன். நீ காரணத்தோடு கூப்பிட்டால் வருவேன். காரணம் இல்லாமல் என்னால் வர முடியாது. ஏன் என்று கேட்காதே.

அம்மாவிடம் என் அன்பைச் சொல்,
அக்கா


லெசோதோ
20 அக்டோபர்
(ஆங்கிலத்தில்)

அன்புள்ள சாருகா,

உனக்கும் உன் தந்தைக்கும் நோயில் இருக்கும் உன் தாய்க்கும் வணக்கம். நானும் என் தாயும் நன்றாக எழுந்தோம்.

உன் உறையை லிம்போதான் தன் கையால் கொண்டுவந்து தந்தாள். “என்னைப் பற்றி என்ன புறணி?” என்று கேட்டுச் சிரித்தாள். நான் அதை மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் போய் வாசித்தேன். அன்று இரவு அவளுக்குப் பக்கத்தில் படுக்க எனக்கு முடியவில்லை.

கனவு கண்டதாகச் சொல்ல மாட்டேன், கோபிக்காதே. இல்லாத கனவைச் சொன்னால் அது வாசலைத் தேடி வரும் என்று எங்கள் வீட்டில் பயம். ஆனால் என் தாயிடம் சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு, “இது சின்னப் பிள்ளையின் வாயால் வரக் கூடாது. என் வாயாலும் வரக் கூடாது. இப்படிப்பட்ட செய்தியைச் சொல்கிறவர் அவளைக் கூட்டிக்கொண்டு போகவும் வேண்டும். சொல்லிவிட்டுத் தனியாக அனுப்பக் கூடாது” என்றார். எங்கள் குடும்பத்தில் அது என் தாயின் அண்ணனுடைய வேலை. என் தந்தை இறந்தபோதும் அவர்தான் வந்து கதவைச் சாத்திவிட்டு எங்களை உட்காரவைத்துச் சொன்னார். அவர் தென்னாபிரிக்காவில் சுரங்கத்தில் இருக்கிறார். மாதக் கடைசியில் வருவார்.

அதுவரை நான் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். அது எவ்வளவு கடினம் என்று உனக்குத்தான் தெரியும்.

உன் தோழி,
லினேயோ


பியோர்ண்டால்
2 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் சுகமாக இருப்பீர்கள். எங்கள் சுகத்தைப் பற்றி இந்த முறை எழுதவில்லை.

இன்று கந்த சஷ்டி தொடக்கம். அம்மா விரதம் இல்லை, அக்கா. கோயிலுக்கும் போகவில்லை. கீழ்வீட்டு ஹரிப்ரியா அன்ரி ரசம் கொண்டுவந்தார். “என்ன புஷ்பா அக்கா, ஆளே பாதியாயிட்டீங்க! டயட்டா? எனக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்களேன்” என்றார். அம்மா உடனே, “ஓம் பிள்ளை, மகள் ஆபிரிக்காவிலையிருந்து வரேக்கை நான் வடிவா நிக்க வேணுமெல்லே” என்றார். அன்ரி சிரித்தார், அம்மாவும் சிரித்தார். கதவைச் சாத்திய பிறகு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கட்டிலுக்குப் போனார்.

அம்மாவின் கண்ணில் வெள்ளையாக இருக்கும் இடம் மஞ்சளாக இருக்கிறது. லைற் வெளிச்சமாக இருக்கும். நீங்கள் நேர்ஸ். நான் சொல்லவில்லை, பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

காரணம் எழுத என்னால் முடியாது. ஏன் என்று நீங்களும் கேட்காதீர்கள். இதை எழுதும்போதே இரண்டு தரம் எழும்பிப் போய் அம்மாவுக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

உங்கள்,
சாரு


லெசோதோ
14 நவம்பர்

அன்புச் சாரு,

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். நான் இருக்கிறேன்.

மே என்னிடம் இப்போது வேறு மாதிரி நடந்துகொள்கிறார். தண்ணீர் எடுக்க விடுவதில்லை. தன் கலியாணத்துக்கு வந்த கம்பளியை எனக்குப் போர்த்திவிட்டார். போன கிழமை காரணமே இல்லாமல் எனக்காக ஒரு கோழியை அடித்துச் சமைத்தார். மாலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறார், கேட்டால் ஒன்றும் இல்லை என்கிறார். மாதக் கடைசியில் வர வேண்டிய அவருடைய அண்ணன் வரவில்லை, சுரங்கத்தில் விடுப்புக் கிடைக்கவில்லையாம். அதற்கு வாசலில் நின்று அப்படி அழுதார். ஓர் அண்ணன் வராததற்கு யாராவது இப்படி அழுவார்களா?

லினேயோ என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டாள். “மேயோடு சண்டையா?” என்று கேட்டேன். எழும்பிப் போய்விட்டாள்.

உன் கடிதத்தில் ஒரு சொல்லை விரலால் மூடிக்கொண்டுதான் மற்றதை வாசித்தேன். எது என்று உனக்குத் தெரியும். டிசம்பர் ஆறாம் திகதி பயிற்சி முடிகிறது. ஏழாம் திகதி நான் புறப்படுவேன், யார் விட்டாலும் விடாவிட்டாலும். அதுவரை, சாரு. அதுவரை.

அக்கா


பியோர்ண்டால்
23 நவம்பர்
(ஆங்கிலத்தில்)

லினேயோ,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள்.

அம்மாவின் கட்டிலை வரவேற்பறையில் போட்டிருக்கிறார்கள். பகலில் நேர்ஸ் வந்து ஊசி போடுகிறார். நேற்று நான் தண்ணீர் கொடுக்கப் போனபோது அம்மா கண்ணைத் திறந்து, “ஹம்சா, எப்ப வந்தனீ?” என்றார். நான் அக்கா இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “இப்பதான் வந்தனான், அம்மா” என்றேன்.

அம்மா சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். அவர் பயந்துபோனார். என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “ஏன் வந்தனீ? எயார்போட்டிலை சாருவின்ர தலையிலையெல்லே கை வைச்சுச் சத்தியம் பண்ணினனீ! பயிற்சி முடியாமல் வரமாட்டன் எண்டு சொன்னனீயெல்லே! இனிப் பிள்ளைக்கு ஒண்டு நடந்தால் நான் என்ன செய்வன்?” என்று அழுதார். என்னிடம் எனக்காக அழுதார்.

லினேயோ, விமான நிலையத்தில் அக்கா என் தலையில் கை வைத்து நின்றது அன்பில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா என்னை வைத்து அவளைக் கட்டியிருக்கிறார். தன்னை வைத்து என்னைக் கட்டியிருக்கிறார். அக்காவுக்கு அப்போதே சந்தேகம் இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் அம்மா ஏன் சத்தியம் கேட்க வேண்டும்? அக்கா வராமல் இருப்பது எனக்காக. நான் செத்துப்போவேன் என்று.

இது தெரிந்த பிறகு முதலில் எனக்கு வந்த நினைப்பு அம்மாவைப் பற்றி இல்லை. அக்கா வந்தால் எனக்கு என்ன ஆகும் என்றுதான் நினைத்தேன். அதை உனக்கு மட்டும்தான் சொல்வேன்.

மாமாவைப் பார்த்துக்கொண்டு இருக்காதே. நீயே சொல். என் தலைக்கு வருவது வரட்டும்.

சாருகா


லெசோதோ
30 நவம்பர்
(ஆங்கிலத்தில்)

அன்புள்ள சாருகா,

உன் வீட்டார் எல்லோருக்கும் வணக்கம். உன் தாய் இதை நீ வாசிக்கும்போது இருப்பார் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

மாமா புதன்கிழமை இரவு வந்தார். வியாழன் காலை, சாப்பிடுவதற்கு முன், கதவைச் சாத்தினார். தொப்பியைக் கழற்றிவிட்டு லிம்போவை எதிரில் உட்காரவைத்தார். ஒரே வசனத்தில் சொன்னார். லிம்போ அழவில்லை. “எனக்குத் தெரியும்” என்றாள். எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தாள். எல்லாம் மடித்து அடுக்கி ஆயத்தமாக இருந்தது. எப்போது அடுக்கினாள் என்று எங்களுக்குத் தெரியாது.

பயிற்சி நடத்துகிறவர்களிடம் மாமாவே போய்ச் சொன்னார். அவர்கள் தடுக்கவில்லை. ஆனால் வாசலில் அவள் நின்றுவிட்டாள். என் தாயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “என் தங்கைக்கு ஒன்றும் வராது என்று சொல்லுங்கள், மே” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். உங்கள் சத்தியத்தின் பலன் எங்களுக்குத் தெரியாது, தெரியாத ஒன்றுக்கு என் தாய் வாக்குக் கொடுக்க மாட்டார். கம்பளியை அவள் தோளில் போட்டுக் கழன்றுவிடாமல் ஊக்கைக் குத்திவிட்டார். மாமா பையைத் தூக்கிக்கொண்டு அவளோடு நடந்தார். ஜொகானஸ்பேர்க் விமான நிலையம் வரை போனார்.

அவள் படுத்த இடத்தில் நான் படுக்கவில்லை. அப்படியே விட்டிருக்கிறோம்.

லினேயோ


பியோர்ண்டால்
21 டிசம்பர்
(ஆங்கிலத்தில்)

அன்புள்ள லினேயோ,

உன் தாய்க்கும் மாமாவுக்கும் என் வணக்கத்தைச் சொல். நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம்.

அம்மா, அக்கா உங்கள் வீட்டிலிருந்து புறப்பட்ட மறுநாள், வெள்ளிக்கிழமை பிற்பகல் இறந்துவிட்டார். அந்த நேரம் அக்கா ஜொகானஸ்பேர்க்கில் விமானத்துக்குக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். சனிக்கிழமை நானும் அப்பாவும் விமான நிலையத்துக்குப் போனோம். அக்கா உங்கள் கம்பளியோடு வெளியே வந்தாள். அப்பா என்னை முன்னால் தள்ளிவிட்டார். அக்கா அம்மாவைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. என் தலையை, முகத்தை, தோளை, கைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள்.

சவப்பெட்டி மூடும்போது அம்மாவின் கண் மூடியிருந்தது. அது எனக்கு ஆறுதலாக இருந்தது, அக்கா அந்த மஞ்சளைப் பார்க்க வேண்டியதில்லை.

மாமாவுக்கு யார் சொன்னது என்று அக்கா இன்றுவரை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கொடுத்த சத்தியத்தை நான் மீறினேனா இல்லையா என்று உன்னைத் தவிர யாரிடமும் கேட்க முடியாது, உன்னாலும் சொல்ல முடியாது என்று தெரியும். மருத்துவர் கிறிஸ்மஸ் வரை என்றார். கிறிஸ்மஸ் இன்னும் வரவில்லை. மற்றதை நீயே கணக்குப் பார்.

அக்கா திரும்ப அங்கே வரமாட்டாள். இடம் போய்விட்டது. அம்மா எதற்காக எங்கள் இரண்டு பேரையும் கட்டினாரோ அதுவும் இல்லை.

இப்போது அவள் என்னைத் தனியாக எங்கும் விடுவதில்லை. பாடசாலை விட்டு வரும்போது ஹவுகெட்டோ ரயில் நிலையத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறாள், என் வகுப்பில் சிரிக்கிறார்கள். வீதியைக் கடக்க என் கையைப் பிடிக்கிறாள். தும்மினால் வெப்பமானி கொண்டுவருகிறாள். நேற்று அப்பா, “அவளை விடு பிள்ளை, அவள் நல்லாத்தானே இருக்கிறாள்” என்றார். அக்கா அவரைப் பார்த்து, “உங்களுக்குத் தெரியாது அப்பா” என்றாள். எனக்கும் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது.

இரவில் நான் இன்னும் குளியலறையில்தான் எழுதுகிறேன். சீக்கிரம் முடித்துவிட்டுப் போய்ப் படுக்க வேண்டும். விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரத்தில் அக்கா எழுந்து வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பாள். நான் தூங்குவதாக நினைத்துக் குனிந்து காது கொடுப்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, அவளுக்குக் கேட்கும்படி சத்தமாக மூச்சு விடுகிறேன். அவள் போன பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே விடுகிறேன்.

சாருகா